குழந்தையோடு ஒரு மாலைப் பொழுது

(நெகிரி செம்பிலான் தோட்டப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

பிள்ளைகளின் கல்வி, உடல்நலம், குடும்பச் சேமிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பல கூட்டங்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றினும் சிறிய பொருளாகத் தோன்றலாம். சிறு குழந்தையைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் மாலைப் பொழுதை எவ்வாறு திட்டமிடுவது என்பதே அது. "விளையாடப் போவதற்கும் ஒரு திட்டமா?" என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால், பல மாதம் சேர்த்த பணம், பிள்ளையின் உறக்கம், மறுநாள் வேலை, எல்லாவற்றிற்கும் மேலாகப் பிள்ளையின் பாதுகாப்பு ஆகிய நான்கும் அந்த ஒரு மாலையில் அடங்கியுள்ளன. ஆகவே சிறிது நேரம் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

நம் நாட்டிற்குக் கேளிக்கைப் பூங்கா புதியதன்று. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1972ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கின்றது. 1993ஆம் ஆண்டில், பழைய ஈயச் சுரங்க நிலத்தில், சன்வே லகூன் திறக்கப்பட்டது. 2012இல் ஜொகூரில் லெகோலேண்டும், 2022இல் கெந்திங் மலையில் ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்காவும் தோன்றின. நம் பிள்ளைகள் இவற்றைக் கைத்தொலைபேசியில் காண்கின்றார்கள். பள்ளித் தோழர்கள் வாயிலாகக் கேட்கின்றார்கள். "அப்பா, நாம் எப்போது போவோம்?" என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு அதட்டல் விடையாகாது. அவசரமாகக் கடன் வாங்கிக்கொண்டு புறப்படுவதும் விடையாகாது.

அன்பர்களே, நான் சொல்ல வந்த கருத்து ஒன்றே. ஒரு மாலைப் பொழுதை அதன் தொடக்கத்திலிருந்து கணக்கிடாதீர்கள், முடிவிலிருந்து கணக்கிடுங்கள். "எத்தனை மணிக்குப் புறப்படலாம்?" என்பது முதற் கேள்வியன்று. "பிள்ளை எத்தனை மணிக்கு உறங்க வேண்டும்?" என்பதே முதற் கேள்வி.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு, பகல் உறக்கத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. ஓராண்டு, ஈராண்டு நிரம்பிய குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரம் தேவை. உறக்கம் குறைந்த குழந்தை, காரணமின்றி அழும், உணவை மறுக்கும், தரையில் விழுந்து புரளும். நாம் அதனைப் பிடிவாதம் என்று எண்ணி அடிக்கின்றோம். உண்மையில் அது பிடிவாதமன்று, களைப்பு.

வகுப்பறையில் கரும்பலகையில் எழுதுவதுபோல ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிள்ளை ஒன்பது மணிக்கு உறங்க வேண்டும். கை கால் கழுவி, உடை மாற்றிப் படுக்க வைக்க அரை மணி நேரம். ஆகவே எட்டரை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். வழிப்பயணம் இரண்டு மணி நேரமாயின், ஆறரை மணிக்குப் பூங்காவின் வாயிலைக் கடந்துவிட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை கூட்டத்திலும் இரைச்சலிலும் இரண்டு அல்லது மூன்று மணி நேரமே மகிழ்ச்சியாக இருக்கும். எனவே மூன்றரை அல்லது நான்கு மணிக்கு உள்ளே செல்வது பொருத்தம். அப்படியானால் வீட்டிலிருந்து ஒன்றரை மணிக்குப் புறப்பட வேண்டும். வழியில் பிள்ளை சற்றுக் கண்ணயர்ந்தால் அதுவும் நன்மையே.

"ஆறரை மணி இன்னும் வெளிச்சமாயிற்றே!" என்பீர்கள். 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டது. அதனால் இங்கே ஏழு மணிக்குப் பிறகே பொழுது சாய்கின்றது. வானத்து வெளிச்சத்தை நம்பி இருந்தால் நேரம் போவது தெரியாது. கடிகாரத்தைப் பாருங்கள், பிள்ளையின் கண்களையும் பாருங்கள்.

அடுத்து, எந்த நாளில் செல்வது? பெரும்பாலோர் ஓய்வு நாளிலேயே செல்கின்றார்கள். நள்ளிரவில் வீடு திரும்பி, விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு ஓடுகின்றார்கள். விடியற்காலையில் மரத்தில் பால் நன்கு ஓடும் என்பதால் பால்வெட்டுத் தொழில் வைகறையிலேயே தொடங்குகின்றது. அந்த நேரத்தை நாம் மாற்ற முடியாது. உறங்காத கண்ணோடு இருட்டில் வெட்டுக்கத்தி பிடிப்பதும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் ஆபத்தானவை. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தரும் உரிமை. ஓய்வு நாளுக்கு முந்திய மாலையில் சென்று வாருங்கள். ஓய்வு நாளில் உறங்கி எழுங்கள். பொது விடுமுறைக்கு முந்திய மாலையும் ஏற்றதே. அந்நாள்களில் கூட்டம் சற்று மிகுதியாக இருக்கும். ஆயினும் மறுநாள் காலை உங்களுடையது.

மாதத்தையும் பார்க்க வேண்டும். பால்மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறைகின்றது, வருமானமும் குறைகின்றது. அக்காலத்தில் பெருஞ்செலவுப் பயணம் வேண்டா. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரையோர மாநிலங்களில் பிற்பகலில் இடிமழை அடிக்கடி பெய்யும். மின்னல் தோன்றினால் திறந்தவெளி இராட்டினங்கள் நிறுத்தப்படும். கொடுத்த பணம் வீணாகும். அம்மாதங்களில் செல்வதாயின் கூரையுள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

எந்த இடத்திற்குச் செல்வது என்பதில் பலர் ஏமாந்து போகின்றார்கள். சன்வே லகூன், ஸ்கைவேர்ல்ட்ஸ், லெகோலேண்ட் ஆகியவை முழுநாள் சீட்டு வாங்கிச் செல்லும் இடங்கள். இரண்டு மணி நேரத்திற்காக அங்கே முழுநாள் கட்டணம் கொடுப்பது நட்டம். அங்கே செல்ல விரும்பினால், ஓய்வு நாளின் காலையிலேயே சென்று, வெயில் தாழுமுன் திரும்பிவிடுங்கள். சிரம்பான், லாபு, நீலாய், ரெம்பாவ் பக்கத்தார் கொமுட்டர் இரயிலில் கேஎல் சென்ட்ரல் சென்று, அங்கே கிள்ளான் துறைமுகப் பாதைக்கு மாறி, செத்தியா ஜெயா நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து 2015ஆம் ஆண்டு முதல் ஓடும் பி.ஆர்.டி. பேருந்து சன்வே லகூன் நிலையத்திற்குக் கொண்டுசெல்லும். பகாவ், ஜெம்புல் பக்கத்தார்க்குத் தொலைவு இன்னும் கூடும்; ஒரே நாளில் போய்வருவது சிறு குழந்தைக்குத் தகுமா என்று எண்ணிப் பாருங்கள். திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாறக்கூடியவை. புறப்படுமுன் அவற்றைக் கேட்டறிவதோடு, திரும்பும் இரயிலின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கெந்திங் மலை ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுடையது. அங்கே குளிர் மிகுதி. பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். மலையேறும்போது காது அடைத்துக்கொள்ளும். சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகக் கொடுத்தால் சரியாகும். வளைந்த சாலையில் வயிறு நிறைய உண்ட பிள்ளை வாந்தியெடுக்கும்.

மாலை நேரத்திற்கு மட்டும் ஏற்றவை வேறு. நகரத் திடலுக்கு வரும் கேளிக்கைச் சந்தையில் ஒவ்வோர் இராட்டினத்திற்கும் தனித்தனியே சீட்டு வாங்கலாம். ஷா ஆலாமில் உள்ள ஐ-சிட்டியில் பொழுது சாய்ந்தபின் மின்விளக்கு மரங்கள் ஒளிர்வதைப் பிள்ளை கண்டு களிக்கும். அங்கே சென்றால் மட்டும் உறங்கும் நேரம் சற்றுத் தள்ளிப்போகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்திலேயே போர்ட்டிக்சன் தெலுக் கெமாங் கடற்கரையும் சிரம்பான் ஏரிப் பூங்காவும் உள்ளன. முதன்முதலில் இத்தகைய அருகிலுள்ள ஓரிடத்திற்குச் சென்று வாருங்கள். பிள்ளை எவ்வளவு நேரம் நடக்கின்றது, எப்போது பசிக்கின்றது, கூட்டத்தைக் கண்டு அஞ்சுகின்றதா என்பவற்றை அம்மாலையே உங்களுக்குக் கற்றுத் தந்துவிடும்.

இனிச் செலவு. 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் ஒரு குடும்பம் நடத்துவதன் அருமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாள்தோறும் சிறு தொகையை உண்டியலில் போடுங்கள். பிள்ளையின் கையாலேயே போடச் செய்யுங்கள். சீட்டு, வழிச்செலவு, உணவு என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இவற்றைத் தவிர நான்காவதாக ஒரு தொகையைத் தனியே முடிந்து வையுங்கள். இரயிலைத் தவறவிட்டாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ அதுவே உங்களைக் காக்கும். பல பூங்காக்களில் மலேசியர்க்குத் தனிக் கட்டணம் உண்டு. மைகார்டையும் பிள்ளையின் மைகிட்டையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து கதவு நிலையில் கோடிடுங்கள். பல இராட்டினங்களில் இத்தனை சென்டிமீட்டர் உயரமிருந்தால்தான் ஏற்றுவார்கள். அவ்விதி உயிரைக் காப்பதற்காக ஏற்பட்டது. காலணியில் துணி வைத்தும், காவலரிடம் கெஞ்சியும் பிள்ளையை ஏற்ற முயலாதீர்கள். "இது நீ பெரியவன் ஆனபின்" என்று முதல்நாளே சொல்லி வைத்தால், அங்கே அழுகை குறையும். அதேபோல், ஏற அஞ்சும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். "பணம் கொடுத்தாயிற்று, ஏறு" என்று ஏற்றிவிட்டால், அந்த அச்சம் நெடுநாள் மனத்தில் நிற்கும்.

தாய்மார்களே, இனி நான் கூறப்போவதைச் சிறப்பாகக் கவனியுங்கள். 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கோலாலம்பூர் வங்சா மாஜுவில், வீட்டருகே இருந்த இரவுச் சந்தைக்குச் சென்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமற் போனாள். அடுத்த மாதம் அவள் உயிரற்ற நிலையில் கண்டெடுக்கப்பட்டாள். நாடே கண்ணீர் வடித்தது. காணாமற் போகும் பிள்ளைகளைப் பற்றி உடனே அறிவிக்கும் 'நூர்' எச்சரிக்கை முறை 2011இல் தொடங்கப்பட்டதற்கு அத்துயரமே தூண்டுதலாயிற்று.

நம் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு வயதுத் தம்பியைப் பத்து வயது அக்காளின் கையில் ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த லயத்தில் அது நடக்கலாம். ஆயிரம் பேர் திரளும் பூங்காவில் நடவாது. இன்னாருக்கு இன்ன பிள்ளை என்று பெரியவர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இப்பொறுப்பு தாய்க்கு மட்டும் உரியதன்று. தந்தையும் ஒரு கையைப் பற்ற வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணிவியுங்கள். வாயிலைக் கடக்குமுன் பிள்ளையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். அன்று அணிந்த உடை அதில் தெரியும். உங்கள் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். "வழி தவறினால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நின்று, சீருடை அணிந்தவரிடம் சொல்" என்று பலமுறை சொல்லிக் கொடுங்கள். பிள்ளையைக் காணவில்லையெனில் நீங்களே அலைந்து நேரத்தைக் கழிக்காமல், உடனே பூங்காக் காவலரிடம் கூறுங்கள்; 999ஐ அழையுங்கள்.

திரும்பும் வழியும் பயணத்தின் ஒரு பகுதியே. பல குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துச் செல்வது செலவைக் குறைக்கும். ஆனால் இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலைச் சாலையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். ஓட்டுநர் உறங்கி எழுந்தவரா, வண்டி நல்ல நிலையில் உள்ளதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. சொந்தக் காரில் சிறு குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020 முதல் சட்டமாகியுள்ளது. உறங்கும் குழந்தையை மோட்டார் சைக்கிளில் இடுக்கிக்கொண்டு இரவில் நெடுந்தொலைவு வருவதை அறவே தவிருங்கள்.

அன்பர்களே, பூங்காவில் பத்து இராட்டினங்கள் இருக்கலாம். பத்திலும் ஏற்றினால்தான் கொடுத்த பணத்திற்கு ஈடாகும் என்று நாம் எண்ணுகின்றோம். குழந்தை அப்படிக் கணக்கிடுவதில்லை. ஒரே குதிரை இராட்டினத்தில் மூன்றுமுறை சுற்றிவிட்டு, தந்தையின் தோளில் அமர்ந்து, தாய் கட்டிக் கொடுத்த சோற்றை உண்டால் அதற்குப் போதும். நாள்தோறும் இருட்டில் வேலைக்குப் போகும் பெற்றோர், இரண்டு மணி நேரம் தன்னோடு மட்டும் இருந்தார்கள் என்பதே அதற்குப் பெரிது. ஆகவே, பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போதே கையைப் பற்றி வாயிலை நோக்கி நடங்கள். மீதமுள்ள இராட்டினங்கள் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

இன்றிரவு உங்கள் வீட்டு நாள்காட்டியை எடுத்து, ஓய்வு நாளுக்கு முந்திய ஒரு மாலையைத் தேர்ந்து வட்டமிடுங்கள். பிள்ளையிடம் அந்நாளைக் காட்டுங்கள். காட்டிய பின் அந்தச் சொல்லைத் தவறாது காப்பாற்றுங்கள்.