டிரிம் நகரத்து ஆசனங்கள்



அயர்லாந்து தேசத்தில், பாயின் நதிக்கரையில், ஹியூ டி லேசி என்னும் நார்மானியப் பிரபு எழுப்பத் தொடங்கிய பழங்கோட்டையின் நிழலில் டிரிம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூர் டப்ளின் பாராளுமன்றத்துக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்பும் பாத்தியதை பெற்றிருந்தது. ஆனால் அவ்வூராரில் பெரும்பாலோரான கத்தோலிக்கருக்கு 1793 வரையில் வாக்குரிமையே கிடையாது. ஆகவே பிரதிநிதி என்ற பெயர் இருந்ததே தவிர, யாருக்குப் பிரதிநிதி என்ற கேள்விக்கு விடையில்லை.

ஊருக்கு அருகே டங்கன் மாளிகையில் வாழ்ந்த வெல்லெஸ்லி குடும்பத்துச் சகோதரர்களில் ரிச்சர்ட் 1780-இலும், வில்லியம் 1783-இலும், ஆர்தர் 1790-இலும் அவ்விரண்டு ஆசனங்களில் ஒன்றில் அமர்ந்தார்கள். மூத்தவர் பிரபுவானதும், தகப்பன் நிலத்தைத் தம்பிமார் உழுவதுபோல, அடுத்தடுத்தவர்கள் அதை அனுபவித்து வந்தார்கள்.

இருபத்தொரு வயது நிறையும் தறுவாயில் இருந்த ஆர்தர், தேசபக்தர் ஹென்றி கிராட்டனுக்கு டிரிம் நகரசபை கௌரவ உரிமை வழங்க முற்பட்டபோது, அந்தச் சபையிலே எழுந்து நின்று, நல்லவர் என்பது ஒன்றே தகுதியானால் ஊரார் அனைவருக்குமே இந்த உரிமையைக் கொடுத்துவிடலாமே என்னும் கருத்துப்பட வாதாடி, அந்தப் பிரேரணையைத் தோற்கடித்தார். அவர் பரிகாசமாகச் சொன்ன அந்த வார்த்தையில்தான், அன்பர்களே, ஜனநாயகத்தின் சாரமே அடங்கியிருக்கிறது. ஊரார் அனைவருக்கும் உரிமை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

1801 ஜனவரி முதல் தேதி, பிரிட்டனோடு அயர்லாந்து இணைக்கப்பட்டபோது, டிரிம் உள்ளிட்ட 84 நகரங்கள் தங்கள் ஆசனங்களை அடியோடு இழந்தன. நகரம் ஒன்றுக்கு 15,000 பவுன் வீதம் நஷ்டஈடு கணக்கிடப்பட்டது. அந்தப் பணம் வாக்காளருக்கன்று, ஆசனங்களைச் சொத்தாக ஆண்ட எஜமானர்களுக்கே என்பது அக்காலத்து நீதி! அதே ஆண்டில்தான், அந்தக் குடும்பத்தின் மூத்தவரான ரிச்சர்ட், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து, நம் கர்நாடகப் பிரதேசத்தின் ஆட்சியை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாற்றினார். நவாபின் குடிகளை யார் கேட்டார்கள்?

ஆயினும் காலச்சக்கரம் விந்தையானது. வெல்லிங்டன் பிரபுவாகிப் பிரதம மந்திரிப் பதவியேறிய அதே ஆர்தர்தான், 1829-இல், கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையைச் சட்டமாக்கினார். அவர் மனம் தானாகக் கனிந்ததன்று. கத்தோலிக்கரின் தலைவர் டேனியல் ஓ'கானலின் பின்னால் திரண்ட மக்கள் சக்தியே அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது.

ஆதலின், வாக்குச் சாவடிக்குச் செல்லும் பெரியோர்களே, ஆசனம் எவருடைய குடும்பச் சொத்தும் அல்ல என்பதை நெஞ்சில் வைத்து, உங்கள் வாக்கைச் செலுத்துங்கள்.