அறுந்த வலை எங்கே போகிறது?

(பாக் நீரிணைக் கடலோரக் குழுக்களின் கூட்டமைப்புப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடல் குப்பையைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. குப்பைன்னதும் பாலித்தீன் பை, டீ கப்புதான் நினைவுக்கு வரும். அதுக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை இருக்கு. மஞ்சப்பை பற்றி நீங்கள் கேட்காத கூட்டமும் கிடையாது. அதை நான் நீட்டப் போறதில்லை. நம்ம வீட்டுக் குப்பை ஒன்று இருக்கு, அதை யாரும் குப்பைன்னு சொல்றதில்லை. அதுதான் வலை.

நண்டு வலை கிழிஞ்சு போனா நாம என்ன செய்யுறோம்? மிதவையைக் கழட்டுறோம், ஈயத்தைக் கழட்டுறோம், கயிற்றை உருவுறோம். காசு பெறுவது அவ்வளவுதான். மிச்சமுள்ள தங்கூசியைக் கரையில் குவிச்சுடுறோம், இல்லைன்னா கொளுத்துறோம். குவிச்சது ஒரு பெரிய அலையில் கடலுக்குள்ள போயிடும். பாறையில் மாட்டி அறுந்த வலையோ கடலிலேயே தங்கிடும். அந்தக் காலத்துப் பருத்தி நூல் வலை மக்கிப் போச்சு. நைலான் அப்படி மக்காது.

கடலில் கிடக்கிற வலைக்கு, அதை விட்டுட்டு வந்துட்டோம்னு தெரியாது. அது பாட்டுக்கு மீன் பிடிக்கும். மாட்டின மீன் சாகும், அதைத் தின்ன நண்டு வரும், நண்டும் மாட்டும். எடுக்க ஆள் இல்லை, விற்க ஆள் இல்லை. குழுவில் கடன் எடுத்துத்தான் நம்மில் பலர் வலை வாங்கினோம். கடனை நாம அடைச்சுக்கிட்டிருப்போம், வலை அங்கே நம்ம நாளைய நண்டைக் கொன்னுக்கிட்டிருக்கும்.

அதே வலையில்தான் ஆமை மாட்டுது, ஆவுளியா மாட்டுது. இரண்டுக்கும் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தே ஆகணும். கால் சிக்கினா, தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அது குப்பை வலையால் அல்ல, ஓடுகிற இழுவை வலையால் என்றுதான் சொன்னார்கள். ஒன்றை இன்னொன்றின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் சாகிற விதம் ஒன்றுதான். ஆமை போனா நமக்கென்னன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: வலையில் சொறி ஏறினா கையெல்லாம் எப்படி எரியும்னு நண்டு கழட்டுற நமக்குத் தெரியும். அந்தச் சொறியைத் தின்கிறது ஆமை. மிதக்கிற பாலித்தீன் பையையும் சொறின்னு நினைச்சு அது விழுங்கிடுது.

ஆவுளியா கதை இன்னும் கஷ்டம். கடல்புல்லை மேய்ந்து வாழ்கிற சாதுப் பிராணி. ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூன்று வருஷம், சில சமயம் ஏழு வருஷம்கூட ஆகும். ஒன்று செத்தா அந்த இடம் நிரம்ப எத்தனை காலமாகும்னு நீங்களே கணக்குப் போடுங்க. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாம தொழில் செய்கிற கடல்தான் அது.

பெண்கள் இதில் என்ன செய்ய முடியும்னு கேட்கலாம். பக்கத்துக் கேரளாவில் கொல்லம் மாவட்டம் நீண்டகரையில் 2017இல் 'சுசித்வ சாகரம்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வலையில் ஏறுகிற பிளாஸ்டிக்கை மறுபடி கடலில் கொட்டாமல் படகுக்காரர்கள் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அதைத் தரம் பிரித்து, கழுவி, நறுக்கியது மீனவப் பெண்கள். நறுக்கியது தாரோடு சேர்ந்து ரோடு போடப் போனது. கூலியும் கிடைத்தது. அவர்களுக்கு அரசுத் துறைகள் பின்னால் நின்றன. நமக்கு இப்போதைக்கு நாம்தான். அதனால் சின்னதாகத் தொடங்குவோம் என்கிறேன்.

பழைய வலையை எரிக்க வேண்டாம், கரையில் போடவும் வேண்டாம். மண்ணை உதறி, காயவைத்து, தங்கூசி தனி, கயிறு தனின்னு பிரிச்சு வைங்க. இரண்டும் வேற வேற பிளாஸ்டிக். கலந்து கிடந்தா உருக்குறவனுக்கு உதவாது, நமக்கும் விலை கிடைக்காது. தனித்தனியா ஒரு வீடு கொடுத்தா இரண்டு கிலோ. எல்லாக் குழுவும் சேர்ந்து கொடுத்தாத்தான் வியாபாரி வண்டி கொண்டு வருவார், நாமும் பேரம் பேசலாம்.

இன்னொன்று, இதில் உங்களுக்கு வருத்தம் வரலாம். வலைக் கடனுக்கு மனு வரும்போது "பழைய வலை எங்கே?" என்று ஒரு கேள்வியைக் குழு கேட்கணும். கடனுக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம்னு நேற்றே ஒரு அக்கா என்கிட்ட சண்டை போட்டாங்க. கடனை நிறுத்தச் சொல்லலை. பாறையில் போச்சுன்னா போச்சுன்னு எழுதுங்க, எந்த இடத்தில் என்றும் எழுதுங்க. கரையில் இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க. மாட்டுக் கடன் கொடுத்தா மாட்டைப் போய்ப் பார்க்கிறோம் இல்லையா?

தீர்மான நோட்டில் இதை எழுத உங்கள் சம்மதம் வேணும். வலை சேர்க்க மாதத்தில் ஒரு நாள் போதும். நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போற தங்கச்சிங்க பின்வரிசையில் இருக்கீங்க, உங்களுக்குத் தோதான கிழமை எதுன்னு சொல்லுங்க. அதையும் சேர்த்தே எழுதிக்குவோம்.