திரும்பி வராத பாய்க்கப்பல்

நிலத்திலே மாண்டவனுக்குக் கல்லறை ஒன்றுண்டு. கடலிலே மாண்டவனுக்கு அதுவுமில்லை. அவன் சென்ற கப்பல் எங்கே மறைந்தது, எந்நாளில் மறைந்தது என்ற செய்தி ஒன்றே கரையிலிருப்போர்க்கு எஞ்சக்கூடியது. அச்செய்தியும் கிடையாதபோது அவர்கள் படுந்துயரை என்னென்பது!

இரண்டாவது உலக மகாயுத்தம் மூண்டபொழுது, நீராவியும் எண்ணெயும் கடலை ஆட்சி செய்த அக்காலத்திலும், காற்றையே நம்பி வாணிகம் நடத்தியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் குஸ்தாவ் எரிக்ஸன். பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆலண்ட் தீவுகளிலுள்ள மரீயஹாம்ன் துறைமுகத்தவர். அவுஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கோதுமை கொண்டுவருவதே அவருடைய பாய்க்கப்பல்களின் முக்கிய தொழில்.

அக்கப்பல்களுள் ஒன்றின் பெயர் நம்மவர் செவிக்குப் பழகியது: பினாங்கு. 1905 ஆம் ஆண்டு யேர்மனியிலே, பிரேமர்ஹாவன் நகரில், வேறொரு பெயருடன் கட்டப்பட்ட மூன்று பாய்மர உருக்குக் கப்பல் அது. 1940 ஆம் ஆண்டில் தென் அவுஸ்திரேலியாவிலே தானியம் ஏற்றிக்கொண்டு அயர்லாந்தை நோக்கிப் புறப்பட்டது. ஆனால், துறைமுகம் வந்து சேரவில்லை.

பாய்க்கப்பல் பிந்துவது புதுமையன்று. காற்று விழுந்தால் வாரக்கணக்கில் அசையாது நிற்கவும் நேரும். எரிக்ஸனுடைய கப்பல்களிற் பெரும்பாலானவற்றிலே கம்பியில்லாத் தந்திக் கருவியும் இல்லை. ஆகவே கரையிலிருப்போர் முதலில் ‘தாமதம்’ என்றனர். பின்னர் ‘காணவில்லை’ என்றனர்.

அதே முதலாளியின் வேறிரண்டு கப்பல்களின் கதி இவ்வாறு மறைந்திருக்கவில்லை. 1939 செப்டெம்பர் 8 ஆந் திகதி ‘ஒலிவ்பாங்க்’ வடகடலிலே கடற்கண்ணியில் மோதி மூழ்கியது. 14 பேர் மாண்டனர். நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாய்மரப் பகுதியைப் பற்றிநின்ற 7 பேரை டென்மார்க்கு மீனவர் காப்பாற்றினர். 1940 ஓகஸ்டில் ‘கில்லொறன்’ என்பதை யேர்மன் போர்க்கப்பலான ‘வீடர்’ மறித்து மூழ்கடித்தது. எனினும் மாலுமிகள் அப்போர்க்கப்பலில் ஏற்றப்பட்டு உயிர் பிழைத்தனர். முன்னதற்கும் பின்னதற்கும் சான்று சொல்ல மனிதர் இருந்தனர். பினாங்குக்கோ ஒருவரும் இலர்.

அவ்வாறாயின் உண்மை வெளிப்பட்டது எவ்வாறு? அதனை அழித்தவர்களின் ஏடுகளே விடை தந்தன. யேர்மன் நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றும் போர்க்குறிப்பேடு ஒன்றை எழுதிவரும் வழக்கமுடையன. நாள், நேரம், இடம், கண்ட கப்பல், ஏவிய டோர்ப்பிடோ ஆகியன அதிற் பதியப்படும். இடத்தைக் குறிக்கக் கடற்பரப்பையே கட்டங்களாகப் பிரித்த இரகசியப் படமொன்றிருந்தது. 1945 இல் யேர்மன் கடற்படையின் ஆவணங்கள் தம்பாக் மாளிகையிலே பிரித்தானியர் கைக்குச் சிக்கி இலண்டனுக்குச் சென்றன. காணாமற்போன கப்பல்களின் பட்டியலை ஒருபுறமும் இக்குறிப்பேடுகளை மறுபுறமும் வைத்து நாளையும் இடத்தையும் ஒப்புநோக்கினால், பெயரற்ற பலி எதுவென்பது புலனாகும்.

இத்தகைய ஆவணங்களின் துணைகொண்டு நிறுவப்பட்ட முடிவு இது: 1940 டிசெம்பர் 8 ஆந் திகதி, அயர்லாந்துக்கு வடமேற்கே, ‘யூ-140’ என்னும் நீர்மூழ்கியின் டோர்ப்பிடோவினால் பினாங்கு மூழ்கடிக்கப்பட்டது. கப்பலிலிருந்த 18 பேரில் ஒருவரேனும் தப்பவில்லை.

அவ்விடமே அந்நாளிற் கொலைக்களமாய் இருந்தது. 1940 இல் பிரான்சு வீழ்ந்தபின், பிரித்தானியா செல்லும் கப்பல்கள் தென்வழியை விட்டு அயர்லாந்தின் வடபுறத்தைச் சுற்றியே சென்றன. இரை வரும் வழியில் வேட்டைக்காரனும் காத்திருந்தான். உயர்ந்த பாய்கள் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். காற்றின் வேகத்தை மீறி ஓடித்தப்ப வழியுமில்லை. இதிலே கொடிய விசித்திரம் ஒன்றுண்டு: பின்லாந்து அம்மாதத்தில் யேர்மனியோடு போர்புரியவில்லை. பினாங்கை ஈன்றதும் யேர்மனி. பினாங்கைக் கொன்றதும் யேர்மனி!

எரிக்ஸனுடைய கப்பல்களிலே தொழில் பழகவந்த இளைஞர் பலர். மகன் வேறு துறைமுகத்தில் இறங்கியிருப்பானோ, சிறைப்பட்டிருப்பானோ என்றெண்ணிக் காத்திருக்கும் தாய்க்கு, குறிப்பேட்டின் சில வரிகள் மகனைத் திருப்பித் தரமாட்டா. ஆயினும், இனி வாசலைப் பார்த்திருக்க வேண்டுவதில்லை என்று சொல்லும். கண்ணீர் விடுவதற்கு ஒரு நாளையேனும் தரும்.

எரிக்ஸனின் மற்றொரு கப்பலாகிய ‘பொமர்ன்’ இன்றும் மரீயஹாம்னிலே காட்சிப்பொருளாக நிற்கின்றது. அதன் பாய்மரங்களை அண்ணாந்து பார்ப்போர், அதே துறைமுகத்துக்குரியதாயிருந்தும் திரும்பிவராத பினாங்கையும் நினைத்தல் வேண்டும்.