30 நாள் கணக்கு

தேய்ந்துபோன இடுப்பு மூட்டையோ முழங்கால் மூட்டையோ நீக்கிச் செயற்கை மூட்டைப் பொருத்திய பின், வீடு திரும்பிய நோயாளி திட்டமிடாத காரணத்தால் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதை 'மறுசேர்க்கை' என்பர். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா ஆகியவற்றில் நேரும் மறுசேர்க்கைக்காக 2012 அக்டோபரில் மருத்துவமனைகளுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கி, 2014 அக்டோபரில் இம்மூட்டு மாற்று சிகிச்சைகளையும் அக்கணக்கில் சேர்த்தது. நோயாளிகளின் வயதையும் உடனிருக்கும் நோய்களையும் கொண்டு எதிர்பார்க்கப்படும் அளவை மறுசேர்க்கை மிஞ்சினால், உள்நோயாளிகளுக்காக மெடிகேர் தரும் அடிப்படைத் தொகையில் 3 விழுக்காடு வரை குறைக்கப்படலாம். அக்குறைப்பு மூட்டு நோயாளிகளோடு நிற்காமல் மெடிகேர் நோயாளிகள் அனைவருக்கும் வரும் தொகையைப் பாதிக்கும்.

வீடு திரும்பிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள், எக்காரணத்தால், எந்த மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலும், பொறுப்பு அறுவை செய்த மருத்துவமனையையே சாரும். ஆனால் அவசரப் பிரிவுக்கு வந்து, உள்நோயாளியாகச் சேராமல் வீடு திரும்பியவர் இக்கணக்கில் வருவதில்லை. வலியும் வீக்கமும் கண்டு அஞ்சி நள்ளிரவில் ஓடிவருவோர் பலர் இவ்வகையினரே. முழங்கால் மாற்றுக்குப் பின் கணுக்கால் வரை வீங்குவதும், கன்றிய நிறம் கீழிறங்குவதும் இயல்பு எனினும், கெண்டைக்கால் சிரையில் இரத்தம் உறைந்தாலும் வீக்கமே தோன்றுமாதலால், இரண்டையும் வேறுபடுத்தி அறிய ஸ்கேன் தேவைப்படுவதுண்டு. அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து.

உண்மையான மறுசேர்க்கைக்குக் காயத்தில் சீழ் பிடித்தல், இரத்தக் கசிவு, எலும்பு முறிவு, இதயக் கோளாறு எனக் காரணங்கள் பல. இடுப்பு மாற்றில் மூட்டு நழுவுவதும் அவற்றுள் ஒன்று. இடுப்பின் பின்புறமாகத் திறந்து மூட்டை மாற்றியவர், சுற்றியுள்ள தசைகள் உறுதிப்படும் வரை, தொடையை 90 பாகைக்கு மேல் மடக்குவதும் கால்மேல் கால் போடுவதும் கூடாது என்பது வழக்கமான அறிவுரை. தாழ்ந்த சோபாவில் அமர்ந்து எழ முயலும்போதோ, கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனியும்போதோ, செயற்கைக் கிண்ணத்திலிருந்து பந்து வெளியேறிவிடக்கூடும். ஆகவே கழிப்பறை இருக்கையின் உயரம், விளிம்பு மடிந்த தரைவிரிப்பு, படிக்கட்டின் கைப்பிடி ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளே; அறுவை அரங்கின் திறமையை மட்டும் மறுசேர்க்கை எண் அளக்கிறது என்று கொள்வது பிழை.

30 நாள் என்னும் எல்லையும் நிருவாக வசதிக்காக வகுக்கப்பட்டதே. மெடிகேரின் மற்றோர் அளவீடு, மூட்டு மாற்றின் சிக்கல்களை எண்ணும்போது, நிமோனியாவுக்கு 7 நாள், நுரையீரல் இரத்த உறைவுக்கு 30 நாள், மூட்டுத் தொற்றுக்கும் மூட்டு நழுவல் போன்ற கோளாறுகளுக்கும் 90 நாள் என வெவ்வேறு காலங்களைக் கொள்கிறது. உடலின் போக்கை இவ்வளவீடே நன்கு அறிந்திருக்கிறது எனலாம். இரண்டாம் மாதத்தில் தலைகாட்டும் ஆழ்ந்த தொற்று மறுசேர்க்கைக் கணக்கிலிருந்து தப்பிவிட, அறுவையோடு தொடர்பில்லாது 25ஆம் நாளில் வரும் நிமோனியா அதனுள் புகுந்துவிடுகிறது.

ஏழை நோயாளிகளை மிகுதியாக ஏற்கும் மருத்துவமனைகளுக்கு இந்த அபராதம் அநீதி என்ற வாதம் எழுந்ததால், 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஒத்த நிலையிலுள்ள மருத்துவமனைகளோடு மட்டும் ஒவ்வொன்றையும் ஒப்பிடுமாறு செய்தது. நீரிழிவைக் கட்டுப்படுத்துதல், புகைப்பழக்கத்தை நிறுத்துதல், வீட்டில் துணையிருப்பவர் யார் என்று அறுவைக்கு முன்பே கேட்டறிதல் ஆகியவற்றில் பல மருத்துவமனைகள் அக்கறை கொள்வதற்கு, அபராத அச்சமும் ஒரு தூண்டுதல். அதே அச்சம், ஆபத்து மிகுந்தவரைத் தவிர்க்கவும் தூண்டக்கூடும்.

முழங்கால் மாற்றை உள்நோயாளியாகவே செய்ய வேண்டும் என்ற விதியை மெடிகேர் 2018இலும், இடுப்பு மாற்றுக்கான அதே விதியை 2020இலும் தளர்த்தியதால், உடல்நலம் மிக்கோர் பலர் புறநோயாளிகளாகவே சிகிச்சை பெற்றுக் கணக்கிலிருந்து விலகிவிட்டனர். எஞ்சி உள்நோயாளிகளாகச் சேர்வோரில் மூப்பும் பிணியும் மிகுந்திருப்பதால், இன்றைய மறுசேர்க்கை விழுக்காட்டைப் பழைய ஆண்டுகளின் விழுக்காட்டோடு அப்படியே ஒப்பிட இயலாது.