சாளரத்தில் தொங்கிய பாதம்



ஓர் அரச குலம் எவ்வாறு எழுகிறது, எவ்வாறு விழுகிறது என்பதை ஒரே காவியத்துள் காட்டியவன் மகாகவி காளிதாசன். அவனது இரகுவமிசம் 19 சருக்கங்களைக் கொண்டது. இராமனின் குலப் பெருமை பாடும் நூலென்றே பலரும் இதனை அறிவர். ஆயின், நூல் இராமனோடு முடிவதில்லை.

தொடக்கத்தில் திலீபனைக் காண்கிறோம். பெருவேந்தனாகிய அவன் பிள்ளை வரம் வேண்டி, வசிட்டரின் பசு நந்தினியை மேய்த்துத் திரிகிறான். சிங்கம் பசுவைப் பற்றியபோது தன் உடலையே இரையாகத் தர முன்வருகிறான். அவன் மகன் இரகு திசையெல்லாம் வென்றவன். வென்ற பொருளனைத்தையும் வேள்வியில் ஈந்தவன். குருதட்சணைக்குப் பொன் தேடிவந்த மாணவனை அவன் மட்கலம் ஏந்தியே வரவேற்கிறான். அரண்மனையில் பொற்கலம் ஒன்றுகூட எஞ்சவில்லை! அக்குலத்தின் உச்சம் இதுவே எனலாம்.

இராமனுக்குப் பின் சரிவு தென்படுகிறது. 16ஆம் சருக்கத்தில் அயோத்தியின் நகரத் தெய்வம் நள்ளிரவில் குசன் முன் தோன்றி, வீதிகளில் நரிகள் திரியும் அவலத்தைச் சொல்லி வருந்துகிறது. குசன் மீண்டு வந்து நகரைப் புதுப்பிக்கிறான். 18ஆம் சருக்கத்திலோ அரசர் பலர் விரைந்து வந்து மறைகின்றனர்.

இறுதியில் வருபவன் அக்கினிவர்ணன். ஆட்சியை அமைச்சரிடம் விட்டு அந்தப்புரமே கதியென்று கிடக்கிறான். முகங்காண வந்த குடிகளுக்குச் சாளரத்தின் வழியே பாதத்தை மட்டும் தொங்கவிடுகிறான். அவர்களும் அதனை வணங்கிச் செல்கின்றனர். பகைவர் எவரும் அவனை வெல்லவில்லை, நோயே வென்றது. அமைச்சர்கள் அரண்மனைச் சோலையிலேயே மறைவாக எரியூட்டுகின்றனர். கருவுற்ற அரசி அரியணை ஏறுகிறாள். காவியம் அங்கே நின்றுவிடுகிறது.

நூல் முற்றுப்பெறவில்லை என்பாருமுளர். பிள்ளைக்கு ஏங்கிய அரசனிடம் தொடங்கிய கதை, பிறவாத பிள்ளையிடம் முடிவது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. குருதி வழிவழி வரும். குணம் அவ்வாறு வருவதில்லை என்பதே கவியின் தீர்ப்பு.

இக்காவியத்தைத் தமிழில் பாடியவர் யாழ்ப்பாண அரச குலத்தவரான அரசகேசரி. அந்த இராச்சியமும் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அரச குலத்தவர் ஒருவரே இன்னோர் அரச குலத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் காவியத்தைத் தெரிந்தெடுத்தமை நம் சிந்தனைக்குரியது.

முடிகள் மறைந்துவிட்ட நாடுகளிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: ஆள்வோரிடம் குடிகள் காண்பது முகத்தையா, பாதத்தையா?