எதை அட்ஜஸ்ட் செய்வது?

(நமது குடியிருப்பின் குடியரசு தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாரிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். பத்து நிமிடம்தான் எடுத்துக்கொள்வேன், பயப்படாதீர்கள். ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: அட்ஜஸ்ட்.

இன்று காலையிலிருந்து அது எத்தனை முறை உங்கள் காதில் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். பார்க்கிங்கில், "வண்டியைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நிறுத்துங்க சார்." கடையில், "சில்லறை இல்ல, நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." வீட்டைக் காலி செய்பவர், "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் வந்து நிற்பார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நாம் நகர்ந்துவிடுகிறோம்!

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை குறைவு. காரின் பக்கக் கண்ணாடியை, பெல்ட்டை, கடிகாரத்தை, டிவியின் சத்தத்தை அட்ஜஸ்ட் செய்யலாம். கொஞ்சமாக மாற்றி, சரியாகப் பொருந்த வைப்பது என்று பொருள். புது ஊருக்கோ புது வேலைக்கோ ஒருவர் பழகிக்கொள்வதற்கும் இதே சொல்தான். அங்கே 'அட்ஜஸ்ட் டு' என்று வரும். "ஐ கேன் அட்ஜஸ்ட் வித் எவ்ரிபடி" என்று இன்டர்வியூவில் சொல்லும் பிள்ளைகள், 'ஐ கெட் அலாங் வித் எவ்ரிபடி' என்று சொல்லிப் பழகுங்கள். ரயிலில் இடம் கேட்க 'குட் யூ மூவ் ஓவர் எ லிட்டில்?' போதும். வாடகையை அட்வான்ஸில் கழிப்பது 'டிடக்ட்'.

இதன் உறவுக்காரச் சொற்கள் பல ஏற்கனவே நம் வீட்டில்தான் இருக்கின்றன. மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இருக்கிறது; 'ரெகுலேட்' என்றால் அளவுக்குள் வைப்பது. லேப்டாப்புக்கு அடாப்டர் இருக்கிறது. 'அடாப்ட்' என்றால் சூழலுக்கு ஏற்ப மாறுவது. தையல்காரரிடம் பேன்ட்டை ஆல்ட்ரேஷனுக்குக் கொடுக்கிறோம்; 'ஆல்ட்டர்' என்றால் கத்தரி வைத்தே மாற்றுவது. அட்ஜஸ்ட்டுக்குக் கத்தரி தேவையில்லை, திருகைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

இத்தனையும் வகுப்பில் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் இந்தச் சொல்லில் எனக்கே பாடம் எடுத்தவர் நம் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு அம்மா. நான் செயலாளராக இருந்தபோது லிஃப்ட் பழுதாகி மூன்று வாரம் நின்றது. அறிவிப்புப் பலகையில் நான் எழுதி ஒட்டியது ஒரே வரி: "லிஃப்ட் பழுது. குடியிருப்போர் தயவுசெய்து அட்ஜஸ்ட் செய்துகொள்ளவும்." அந்த அம்மாவுக்கு முழங்கால் அறுவை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மகனிடம் சொல்லி போனில் கூப்பிட்டார். "சார், எதை அட்ஜஸ்ட் பண்ணணும்? முட்டியையா, படியையா?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் கேட்டது இலக்கணக் கேள்வி. கண்ணாடி, பெல்ட் என்று 'எதை' என்ற கேள்விக்கு ஒரு பொருள் இந்த வினைக்கு வேண்டும். இல்லையென்றால் 'எதற்கு' என்பதாவது தெரிய வேண்டும். நாம் இரண்டையும் விட்டுவிட்டு வினையை மட்டும் வைத்துக்கொண்டோம். காலியான அந்த இடத்தில் யாராவது ஒரு ஆள் போய் உட்கார வேண்டியதாகிறது. பெரும்பாலும் அது வீட்டுக்கு வந்த மருமகள், சம்பளம் தள்ளிப்போன வேலைக்கார அம்மா, இரவுக் காவலுக்கு ஆள் வராததால் இரண்டு ஷிஃப்ட் பார்க்கும் வாட்ச்மேன். 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கையைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மலையாளத் திரையுலகில் பெண்களிடம் எதைக் கேட்பதற்கு 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற சொற்கள் பயன்பட்டன என்று அதில் இருக்கிறது. குழந்தைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள், இதற்கு மேல் விளக்கவில்லை.

தமிழில் நமக்குச் சொல் பஞ்சமே இல்லை. ஒத்துப்போவது, அனுசரிப்பது, விட்டுக்கொடுப்பது, பொறுத்துக்கொள்வது, சமாளிப்பது. ஒவ்வொன்றும் வேறு. ஒத்துப்போக இரண்டு பேர் வேண்டும். விட்டுக்கொடுப்பவர் கையில் விடுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பொறுத்துக்கொள்பவருக்கு வலிக்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. அட்ஜஸ்ட் என்று சொன்னால் இந்த வித்தியாசம் எல்லாம் மறைந்துபோகிறது. அதனால்தான் அது நமக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம்.

சொல்லின் மீது குற்றமில்லை. 'ஜஸ்ட்' இருப்பதால் நியாயத்திலிருந்து வந்தது போலத் தோன்றும். உண்மையில் லத்தீனில் 'பக்கத்தில்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் பழைய பொருள். சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

அன்று சாயங்காலமே அந்த அறிவிப்பைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். லிஃப்டின் எந்தப் பாகம் வரவில்லை, எந்தத் தேதிக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், கீழே இறங்க உதவி வேண்டுவோர் எந்த நேரத்தில் யாரிடம் சொல்ல வேண்டும். ஆறு வரி ஆயிற்று. இரண்டாம் மாடிப் பையன்கள் இரண்டு பேர் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள். அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி மருத்துவமனைக்கு இறங்கிப் போனதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த மாதம் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள். புதிய செயலாளர் அறிவிப்பு ஒட்டுவார். அதில் அந்தச் சொல் இருந்தால் பக்கத்திலேயே பென்சிலால் 'எதை?' என்று எழுதிவிடுங்கள். என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம், அவரிடம் ஏற்கனவே பேசிவிட்டேன்.