விளையாட்டை ஆராய்வோம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"இளைஞரும் விளையாட்டும்" என்னும் பொருள்பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடனேயே, உடற்பயிற்சியின் நன்மையையும் கைத்தொலைபேசியின் தீமையையும் மாறி மாறிச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவேன் என்று உங்களிற் சிலர் எண்ணியிருக்கக்கூடும். அவை நீங்கள் அறியாதவை அல்ல. அவற்றைக் கேட்டுத் திருந்தியவர்களையும் நான் அதிகம் கண்டதில்லை. ஆதலால் வேறு சில கேள்விகளைக் கேட்க விரும்புகின்றேன். நம்மூர் இளைஞர் எதை விளையாடுகிறார்கள்? யாரோடு விளையாடுகிறார்கள்? அந்த விளையாட்டுக்கு விதி வகுப்பவர் யார்? செலவைக் கொடுப்பவர் யார்? இவற்றுக்கு விடை தெரியாமலே நாம் ஒரு விளையாட்டைப் புகழ்கிறோம், இன்னொன்றை ஏசுகிறோம்.

விளையாட்டையும் ஆராய்வதா என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். அற்பமென்று பிறர் ஒதுக்கிய பொருள்களிலிருந்தே சில நல்ல ஆராய்ச்சிகள் பிறந்திருக்கின்றன. மழைக்குப் பின் முளைக்கும் காளானை எடுத்துக்கொள்ளுங்கள். 1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் கோர்டன் வாசன் என்பவரும் அவருடைய மனைவி வலன்ரினாவும் மலைச்சாரல் ஒன்றில் உலாவச் சென்றார்கள். அம்மையார் ருசிய நாட்டிற் பிறந்த வைத்தியர். காட்டுக் காளான்களைக் கண்டதும் அவர் ஆசையோடு ஓடிப் பொறுக்கினார். கணவரோ நஞ்சென்று அஞ்சித் தொடவே மறுத்துவிட்டார். ஒரே பொருளை ஒருவர் விருந்தாகவும் மற்றவர் நஞ்சாகவும் காண்பது ஏன் என்று அவ்விருவரும் பல்லாண்டு தேடினார்கள். தேடியதை 1957இல் இரண்டு பாகங்கொண்ட பெருநூலாக வெளியிட்டார்கள். சில இனத்தார் காளானை விரும்புவோர், சில இனத்தார் வெறுப்போர். அந்த வேறுபாடு அவரவர் சொற்களிலும் கதைகளிலும் அடுக்களையிலும் பதிந்து கிடக்கிறது என்று காட்டினார்கள். காளானைப்பற்றி எழுந்த கேள்வி மனிதரைப்பற்றிய கேள்வியாக வளர்ந்தது.

விளையாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. கிளிபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1958இல் பாலித் தீவுக் கிராமமொன்றிலே மனைவியுடன் தங்கினார். ஊரார் அவர்களைக் கண்டுங் காணாதவர்போல இருந்தார்கள். ஒருநாள் கோழிச்சண்டைத் திடலிற் பொலிசார் புகுந்துவிட்டனர். ஊரோடு ஊராக இவர்களும் ஓடினார்கள். மறுநாளிலிருந்து ஊர் இவர்களைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது. பின்னர் 1972இல் கீர்ட்ஸ் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அங்கே பந்தயத்தில் வைக்கப்படுவது பணம் மாத்திரமன்று, குடும்பத்தின் மானமும் ஊரின் மதிப்புமே என்பது அவர் முடிபு. நம் மாட்டுவண்டிச் சவாரித் திடலிலே ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நமக்கு அயலிலும் உதாரணம் உண்டு. நாட்டுக்கூத்தைப் படித்தவர்கள் பாமரர் பொழுதுபோக்கென்று தள்ளிவைத்திருந்த காலத்திலே, பேராதனையிற் பேராசிரியர் வித்தியானந்தன் அதை ஆராய்ந்து, 1962இல் "கர்ணன் போர்" கூத்தைப் புதுமெருகுடன் மேடையேற்றினார். கூத்துக்கு வாய்த்த அந்தக் கண், கிளித்தட்டுக்கும் போர்த்தேங்காய்க்கும் பட்டத்துக்கும் அந்த அளவில் வாய்க்கவில்லை என்பது என் மனக்குறை.

பட்டத்தைப்பற்றிச் சிறிது விரிவாகவே பேசுகிறேன். அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடமில்லை. விக்னேஸ்வரா சனசமூக நிலையத்தார் முன்னின்று நடத்தும் தைப்பொங்கற் பட்டப் போட்டிக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் உதயசூரியன் கடற்கரைக்கு வருகின்றார்கள். நம் கடற்கரை வடக்கு நோக்கியது. வாடை கடலிலிருந்து ஊருக்குள் வீசும். ஆகவே கரையிலே நின்று ஏற்றும் பட்டம் ஊருக்கு மேலேதான் நிற்கும். கோவிலடியில் நிற்பவரும் முற்றத்தில் நிற்பவரும் ஒருங்கே பார்க்கலாம். காற்றும் கரையும் சேர்ந்து அமைத்துக் கொடுத்த விளையாட்டரங்கு இது.

இதே தை மாதத்தில், 14ஆந் திகதியளவில், குசராத்திலும் வானம் நிறையப் பட்டம் பறக்கிறது. ஆனால் அங்கே போட்டி வேறு. கண்ணாடித்தூள் பூசிய நூலால் மற்றவன் பட்டத்தை அறுத்து வீழ்த்துவதே அங்கே வெற்றி. சென்னையிலும் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிர்கள் போயின. அதனால் அந்நூல் தடைசெய்யப்பட்டது. நம் போட்டியிலோ எவருடைய பட்டத்தையும் எவரும் அறுப்பதில்லை. உருவமும் வேலைப்பாடும் ஏற்றமும் பார்த்துப் பரிசு. கருவி ஒன்றே, வெற்றி என்பதற்கு இரண்டு சமூகம் கொடுத்த பொருள் இரண்டு. நாம் அயலவரைவிட நல்லவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. நம் சிறுவர் போர்த்தேங்காயிலே ஒருவன் காயை மற்றவன் உடைத்து மகிழவில்லையா? அப்படியாயின் பட்டத்தில் மட்டும் ஏன் உடைப்பில்லை? இதற்கு ஒரு விடை இருக்கவேண்டும். அதை எவரேனும் தேடவேண்டும்.

இன்னொரு கேள்வி, விண்பற்றியது. பட்டத்தின் தலையிலே வில்லாக வளைத்து நாடா பூட்டிய அந்த விண், காற்றுப் பட்டதும் கூவத் தொடங்கும். இரவிலே பட்டத்தைப் பனையிற் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை கூவிக்கொண்டிருக்கும். நித்திரை கெட்டுப்போகிறதென்று ஏசும் பெரியவர்களும் ஒருநாள் அது கேளாவிட்டால் பட்டம் விழுந்துவிட்டதோ என்று எழுந்து பார்ப்பார்கள். மலாய் நாட்டு "வாவ்" பட்டத்திலும் இதேபோல ஒலிக்கும் வில் உண்டு. நம்மவர் பாய்க்கப்பலில் றங்கூனுக்கும் அக்கியாப்புக்கும் நாகபட்டினத்துக்கும் போய்வந்தவர்கள். இங்கே கட்டிய அன்னபூரணி 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கப்பலோடு நெல்லும் ஓடும் வந்தன, விண்ணும் வந்ததா? அல்லது இங்கிருந்து போனதா? அல்லது காற்றுள்ள இடமெல்லாம் தானாகப் பிறந்ததா? பாய்க்கு மூங்கிலும் கயிறும் கணக்கிட்ட கைகளுக்கும் பட்டத்துக்கு முச்சை கட்டிய கைகளுக்கும் உறவு உண்டா? நான் முடிவு சொல்லவில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்கவேண்டும் என்கிறேன்.

பெரும்பட்டம் ஒரு ஆளின் வேலையன்று. மூங்கில் பிளப்பவன், ஒட்டுபவன், முச்சை கட்டுபவன், கயிறு பிடிப்பவர்கள், தூக்கிவிடுபவன் என ஒரு சிறு கப்பற்கூட்டமே வேண்டும். 2021 டிசெம்பரிலே பருத்தித்துறைப் பக்கத்தில் இப்படிக் கயிறு பிடித்த கூட்டத்தில் ஒருவர் விடாமற் பிடித்தபடியே பட்டத்தோடு வானுக்கு எழுந்துவிட்டார். அக்காட்சியை உலகமெல்லாம் பார்த்தது. நல்லகாலம், உயிர் தப்பினார். உலகம் அதை வேடிக்கையாகப் பார்த்தது. எனக்கோ, கயிற்றை யார் முதலில் விடுவது, எப்போது விடுவது, யார் குரல் கொடுப்பது என்ற எழுதாத விதிகளே நினைவுக்கு வந்தன. எழுதாத விதி ஒன்று தவறினால் என்ன நடக்கும் என்பதையும் அன்று கண்டோம்.

நீச்சலுக்கு வருகிறேன். பாக்கு நீரிணையை 1954இல் முதலில் நீந்திக் கடந்த நவரத்தினசாமி நம் அயலூராகிய தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து மீண்டும் இங்கும் 51 மணித்தியாலத்தில் நீந்தியவர் நம்மூர் ஆழிக்குமரன் ஆனந்தன். 1979இல் கொழும்பிலே 187 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமற் சைக்கிள் ஓடியவரும் அவரே. 1984 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஆங்கிலக் கால்வாயிலே நீந்தும்போது உயிர்நீத்தார். அவருடைய இருவழிச் சாதனையை ஐம்பது ஆண்டுகளின் பின், 2021இல், விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலம் 20 நிமிடத்துக்குள் நீந்தி முறியடித்தார். 2022இல் ஆட்டிசம் உள்ள பதின்மூன்று வயது இந்தியச் சிறுமி ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து நீந்தித் தனுஷ்கோடிக் கரையை அடைந்தாள்.

இந்தப் பெயர்களை நாம் மேடைதோறும் சொல்கிறோம். சொல்வதோடு நின்றுவிடுகிறோம். கடலோரத்து ஊரிலே இன்று பத்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? பெண்பிள்ளைகளில் எத்தனை பேர்? பட்டத் திடலிலே கயிறு பிடிக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டியவை இவை. ஊகித்துச் சொல்ல வேண்டியவை அல்ல.

இனி, பிள்ளைகள் "கேம்" என்று சொல்லும் திரை விளையாட்டு. இதை விளையாட்டென்றே ஒப்புக்கொள்ளாத பெரியவர்கள் உண்டு. உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. 2018இல் யகார்த்தாவிற் காட்சிப் போட்டியாக இருந்தது, 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு விழாவிலே பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. அதே காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் கேம் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றை நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் விளையாடுவோர் எல்லாரும் நோயாளர் என்று அந்நிறுவனம் சொல்லவில்லை. தன்னை அடக்கமுடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கேடு வந்தபின்னும் விடாமை, இவை பெரும்பாலும் ஓராண்டளவு நீடித்தால் மாத்திரமே அந்தப் பெயர். மணித்தியாலக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானோடு நாள்தோறும் "பப்ஜி" விளையாடுகிறான். நால்வர் ஒரு குழு. ஒருவன் வழி பார்க்க, ஒருவன் காவல் நிற்க, காதிற் குழாயை மாட்டிக்கொண்டு ஓயாது பேச்சு. அந்த மச்சானை அவன் நேரிற் கண்டது ஒரேயொரு முறை. போரும் புலப்பெயர்வும் சிதறடித்த குடும்பத்துக்குத் திரையே ஒழுங்கையாகிவிட்டது. இதை வெறும் கேடென்று தள்ள என்னால் முடியவில்லை.

என் அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. கிளித்தட்டுக்குக் கோடு கீறுபவர்கள் விளையாடும் பிள்ளைகளே. தகராறு வந்தால் தாங்களே தீர்ப்பார்கள். பிடிக்காவிட்டால் விதியை மாற்றுவார்கள். கேமிலே விதி கம்பனிக்குச் சொந்தம். ஓரிரவில் மாற்றலாம், பையன் எந்த நிமிடத்திற் சலித்துப்போகிறான் என்று கணக்கெடுத்து அங்கேயே ஒரு பரிசுப்பெட்டியை வைக்கலாம், அதைத் திறக்கக் காசு கேட்கலாம். காசு கொடுத்துத் திறக்கும் அவ்வகைப் பெட்டிகள் சூதென்று பெல்ஜியம் 2018இல் முடிவுசெய்தது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தில் பணமிழந்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட பின் 2022இல் சட்டமன்றம் தடைச்சட்டம் இயற்றியது. 2025 ஓகஸ்டில் இந்தியா முழுவதற்குமே பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். விளையாட்டைப் பழித்து ஓர் அதிகாரம் வகுக்கவில்லை. தருமரும் நளனும் கெட்டது எதனால் என்று சிறுவயதிலேயே கதை கேட்ட நமக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினமாக இருக்கக்கூடாது.

திரையே பகையா என்றால், அதுவும் அல்ல. 2024 டிசெம்பரிலே பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க வீரரான சென்னைக் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். இக்காலத்துச் சதுரங்கப் பயிற்சி பெரிதும் கணினியோடு பிணைந்தது. ஆயினும் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளிலே கணினியின் கணிப்பைக் காட்டாமல், தன் தலையாலேயே எண்ணிப் பழகும்படி அவரைப் பயிற்றினார். எதை, எந்த வயதில், யார் கையிற் கொடுப்பது என்பதை அறிந்த ஓர் ஆசிரியர் அங்கே இருந்தார். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கேமைக் கற்றுக்கொடுத்தவர் யார்?

இளைஞர்களே, பெரிய நிதியோ பல்கலைக்கழகப் பட்டமோ இதற்கு வேண்டியதில்லை. வரும் மார்கழியிலே வாடை பிடிக்கும்போது நான்கு பேர் புறப்பட்டாற் போதும். ஒருவர் விண் கட்டத் தெரிந்த முதியவர்களிடம் போய், அதன் உறுப்புகளின் பெயரையும் முன்பு எதனால் நாடா செய்தார்கள் என்பதையும் எழுதட்டும். ஒருவர் பட்டங் கட்டும் கொட்டிலில் இரவுகளைக் கழித்து, யார் என்ன வேலை செய்கிறார், காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கட்டும். அடுத்தவர், பெண்பிள்ளையாக இருந்தால் நல்லது, வீடு வீடாகச் சென்று யாருக்கு நீந்தத் தெரியும் என்று கணக்கெடுக்கட்டும். நாலாமவர் கேம் விளையாடும் பையன் அருகில் அமர்ந்து, ஏசாமல், புத்தி சொல்லாமல், அதன் விதிகளைக் கேட்டு எழுதட்டும். நாலாவது வேலைதான் கடினம். கொப்பிகளை நான் வாங்கித் தருகின்றேன்.